இரண்டு காதும் தெரியணும்

ராகலைக்கு மேலே, கீழ்ப்பிரிவு பிள்ளைக்காம்பராச் சுவரில்
ஆணியடித்துத் தொங்கவிட்ட வெளிர்நீலத் துணி.
அதற்கு முன்னால் காலையிலிருந்து முப்பத்தேழு பேர்.
எல்லோருக்கும் ஒரே வசனம்:
முடியை ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும்,
சிரிக்க வேணாம்.
சிரிக்க வேணாம் என்றதும்தான்
எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

முப்பத்தெட்டாவது ஆளை நான் கூப்பிடவில்லை.
துணியின் கீழ் மடிப்பிலிருந்து ஏறி
முகம் இருக்கவேண்டிய உயரத்தில் சரியாக நின்று
கை கூப்பியது.
விரல் நீளம். கொழுந்துக்கு அடுத்த இலையின் பச்சை.

கும்பிடுபூச்சி, என்றாள் வரிசையில் நின்ற பவளக்கொடி.
அதுக்கும் ஐடென்டி இல்ல போல.

கெமரா நஸ்வர் நானாவினுடையது.
சட்டைப்பையில் அடங்கும்.
பற்றரி மூடி உடைந்து ரப்பர் பட்டி போட்டது.
அதில் ஒரு பூ அடையாளம் உண்டு, கிட்டப் பார்க்க.
மூன்று வருஷத்தில் ஒருநாளும் அமுக்கியதில்லை.
மனிதர்களுக்கு ஒன்றரை மீட்டர் போதும்.

சூம் பண்ணினேன், கலங்கியது.
தூரத்தில் நின்று கிட்ட இழுக்க விடாதாம் அந்தப் பூ.
ஈரச் சீமெந்தில் முட்டி போட்டுப் போனேன்.
ஒரு சாண்.
நாலு விரல்.
கெமராவின் நிழலே அதன்மேல் விழுந்தது.
பிளாஷ் போட்டால் வெள்ளைப் பேய், இரண்டு கொடுக்கு.
பிள்ளை பார்க்கும் ஞானசீலி
பாண் சுற்றி வந்த தாளைக் கிழித்துத் தந்தாள்.
நாலாய் மடித்து பிளாஷின்மேல் பிடித்தேன்.

முகம் தேடும் மஞ்சள் சதுரம்
அந்த முக்கோண முகத்தைத் தாண்டிப்போய்
துணியிலிருந்த தேத்தண்ணிக் கறையில் நின்றது.
கறைக்கு முகம் இருக்கிறதாம்.

காற்றே இல்லை,
காற்றில் ஆடும் இலை மாதிரி அது ஆடியது.
மூச்சைப் பிடித்தேன்.
எனக்குப் பின்னால் வரிசையும் பிடித்தது,
காலையிலிருந்து வாய் ஓயாத வரிசை.
அதன் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி.
நான் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம்.
வலப்பக்கம் போனேன், வந்தது.

அது கருவிழி இல்லை என்று பிறகு வாசித்தேன்.
பார்க்கிறவர் நிற்கும் திசையில் மட்டும்
வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பாத இடம்.
காதும் ஒன்றுதானாம், அதுவும் நெஞ்சில்.
அப்போது தெரியாது.
என்னையே பார்க்கிறது என்று நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது.

எட்டுப் படம். எட்டும் கலங்கல்.
ஒன்பதாவதுக்கு விரலை வைத்தபோது
லென்ஸ் விளிம்பில் அது ஒரு காலை வைத்தது.
கொஞ்சம் யோசித்து இன்னொரு காலை.
திரை முழுக்கப் பச்சைப் புகை.
நான் அசையவில்லை.
கொழுந்து நிறுக்கிற நேரமாகுது தங்கச்சி, என்றார் யாரோ.
அப்போதும் அசையவில்லை.
சும்மா வைத்திருந்தால் தானாக அணையும் கெமரா அது.
ஷ்ர்ரென்று மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.
அதுவரை கும்பிட்டது சிறகை விரித்து
என் தலைக்கு மேலே பறந்து
பவளக்கொடியின் தோளில் இறங்கியது.

பவளக்கொடியின் படம் இரண்டு தரம் திரும்பி வந்தது.
ஒரு தரம் காது. ஒரு தரம் நிழல்.
தட்டிவிடக் கையை நீட்டினேன்.
விடுங்க, அதுபாட்டுக்கு இருக்கட்டும், என்று
துணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.
சொல்லாமலே முடியை ஒதுக்கினாள்.
சிரிக்க வேணாம் என்று நானும் சொல்லவில்லை.
மஞ்சள் சதுரம் உடனே அவளைக் கண்டுபிடித்தது.

பின்னேரம் ஸ்டூடியோவில் படம் வெட்டும்போது
நஸ்வர் நானா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
தோள்ல என்ன பிள்ள, புரூச்சா?
இன்னும் ஒரு நூல் உள்ளே வெட்டியிருந்தால் போயிருக்கும்.
வெட்ட வேணாம் என்றேன்.

எட்டுக் கலங்கலும் கெமராவிலேயே கிடக்கின்றன.
தெளிவாய் விழுந்தது அந்த ஓரம் மட்டும்,
ஒரு முன்னங்கை, வரிசையாய் முள்.
கொழும்புக்கு அனுப்பி ஏழு கிழமை.
மூன்றாம் தரம்
இதுவரை திரும்பி வரவில்லை.