ஐந்து ஊசி

தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள்.
என் மேசையில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது:
சாக்கெட் இல்லாத மவுசுக்கு ஐந்து ஊசி.

மேல்விஷாரம் தோல் கிடங்கிலிருந்து வந்த மதர்போர்டு.
நானூற்று எண்பத்தாறு.
இடுக்கில் தோல் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு.
ஆட்டுத்தோலை உருளைக்குள் விட்டால்
இத்தனை சதுர அடி என்று சொல்லும் இயந்திரத்துக்கு
இதுதான் மூளை.
பழைய மவுசோடு அது செருகியிருந்த சீரியல் வாயும் போய்விட்டது.
இருக்கிற இன்னொன்றில் அளவுக் கருவி.
திங்கள் காலை கண்டெய்னர் கிளம்புகிறது.
"எப்சிபா, எப்படியாவது" என்றார் தவ்லத் பாஷா.

கையேடு கிடையாது.
போர்டின் பெயர் இருந்த இடத்தில்
கேரண்டி ஸ்டிக்கரின் காய்ந்த பசை.
கரண்ட்டை நிறுத்தி
மீட்டரின் கறுப்பு முனையைத் திருகில் அழுத்தி
சிவப்பால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஒன்று பீப் என்றது. அது தரை.
ஒன்று எதனோடும் சேராத வெறும் ஊசி.
ஸ்விட்சைப் போட்டதும்
மீதி மூன்றும் ஐந்து வோல்ட் என்றன.
ஐந்து. ஐந்து. ஐந்து.

ஒன்றுதான் மின்சாரம்.
எது?

போன ஆகஸ்டில், அப்பாவின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு,
பி நெகட்டிவ் வேண்டும் என்றார்கள்.
பதினொன்றரை மணி.
போனில் மூன்று பேர் "நான் இருக்கேன்" என்றார்கள்,
மூன்று குரலும் ஒரே அழுத்தத்தில்.
இரண்டு மணிக்குக் காட்பாடியிலிருந்து
டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தவர்
நான் அதிகம் பேசியிராத லேத் ஏகாம்பரம்.
மற்ற இரண்டு எண்களும் அணைந்து கிடந்தன.
அதில் ஒன்று தவ்லத் பாஷாவுடையது.

முந்நூற்று முப்பது ஓம் ரெசிஸ்டர்.
அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.
ஒரு காலைத் தரையில், மறு காலை ஊசியில் வைத்தேன்.
முதலாவது ஐந்திலிருந்து
விழுந்தே விட்டது, பூஜ்யம் புள்ளி ஒன்று.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது நின்றது,
நான்கு புள்ளி ஒன்பது.
விரலில் இளஞ்சூடு.
"சுமை வெச்சாதான் தெரியும்" என்றேன், சத்தமாக.
கேட்க ஆளில்லை. ஃபேன் மட்டும்.
சொல்லிவிட்ட திருப்தி
கொஞ்ச நேரம் இருந்தது.

செத்த கீபோர்டிலிருந்து வயரை வெட்டி
புது சாக்கெட்டின் பின்னால் ஈயம் வைத்தேன்.
படத்தில் இருப்பது முன்பக்கம், பற்றவைப்பது பின்பக்கம்,
இடது வலதாகும் என்று தெரிந்தும்
ஒரு தடவை தப்பாக வைத்து உருக்கி எடுத்தேன்.
சிவப்பும் கறுப்பும் நிச்சயம்.
பச்சையும் வெள்ளையும் பூவா தலையா.

அம்பு அசையவில்லை.
பச்சையை வெள்ளை இடத்தில் மாற்றினேன்.
விளக்குப் போட்டதும் ஓடலாமா என்று யோசிக்கும் கரப்பான் போல
மூலையிலிருந்து
அது நகர்ந்தது.

நகர்த்தியது யார் என்று பார்த்தால்
சரிந்து விழுந்த அதே இரண்டு ஊசி.
ஒன்று தாளம் தட்ட,
ஒன்று சேதி சொல்ல.
மின்சாரம் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருந்தது,
அதற்கு ஒரு வார்த்தை பேசத் தெரியாது.
அந்த இரண்டும் பொய் சொல்லியிருக்கவில்லை.
எடை தூக்க அவற்றை யாரும் வைக்கவில்லை,
நான்தான் வைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு இரவு பாஷா வந்தார்.
எண்ணூறு ரூபாய்.
எண்ணி வாங்கிக்கொண்டேன், பத்து ரூபாய் குறைக்கவில்லை.
வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்றேன்.
தலையாட்டிவிட்டு, போகாமல்,
"அந்த ராத்திரி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

போர்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
சுற்றுவதை நிறுத்தவில்லை.
"சொல்லுங்க" என்றேன்.