பர்கூர் ரோட்டில் ஒரு ஜோடிக் கைகள்

வாட்ஸ்அப்பில் வந்த படம் திறக்கவில்லை.
எழுத்து மட்டும் வந்தது.
அதையும் கம்ப்யூட்டர் புரட்டிப் போட்டுவிட்டது.
வலமிருந்து இடம் போகவேண்டிய பெயர்
இடமிருந்து வலம் நடந்து
வேறு யாரோ ஆகிவிட்டது.
நல்லவேளை, ஸ்டிக்கர்தான். கல்லில் இறங்கவில்லை.

எர்ணாகுளத்தில் ராத்திரி பஸ் ஏறி
அந்தம்மா வந்து நின்றபோது மணி ஏழு.
கட்டிங் மிஷினுக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை.
சிப்போரா என்றார்.
சப்பரா என்று பில்லில் எழுதினேன்.
சிரித்துக்கொண்டே திருத்தினார்.

பர்கூர் கறுப்பு, ரெண்டங்குலம், கண்ணாடி பாலிஷ்.
அவர் முகமும்
பின்னால் போகிற நாமக்கல் லாரியும்
அவர் அப்பாவுக்கு ஒதுக்கிய இடத்தில் தெரிந்தன.

"மேலே ரெண்டு கை வரணும்."
கும்பிடுகிற கையா?
"கொடுக்கிற கை."

டீ ஆறிக்கொண்டிருந்தது.
கோஹேன் வம்சமாம். கோயில் பூசாரி மாதிரி,
ஆனால் அந்தக் கோயில் இடிந்து
ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது.
மிச்சம் இந்தக் கை.
அப்பன் மகனுக்கு, அவன் தன் மகனுக்கு,
கப்பலேறி, கொடுங்கல்லூர் இறங்கி,
வெள்ளத்தில் துறை தூர்ந்து கொச்சிக்கு நகர்ந்து,
ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே
கைமாறி வந்த கை.
பண்டிகையில் தலையோடு துணி மூடி
அதைத் தூக்கிப் பிடித்துப்
பதினைந்து வார்த்தை சொல்வார்கள்.
யாரும் பார்க்கக்கூடாது.

"நான் பார்த்தேன். எட்டு வயசில்.
பெண்கள் மாடியிலிருந்து.
காற்றில் துணி ஒதுங்கிச்சு, ஒரு நொடி."

அவருக்கு அண்ணனில்லை, தம்பியில்லை.
பெண்ணுக்கு இது வராது என்றார்,
இன்றைக்குக் கரண்ட் வராது என்பதுபோல.

படமில்லாமல் வெள்ளைப் பென்சிலோடு நின்றேன்.
விரலைப் பிரித்துப் பார்த்தேன்.
நடுவிரலும் மோதிரவிரலும்
ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.
பாலிஷ்காரன் பசவராசு முயன்றான்,
அவன் விரல் ஒன்று ஏற்கெனவே மிஷினோடு போயிருந்தது.
வாட்ச்மேன், கிரேன் டிரைவர், டீக்காரப் பையன்,
யார்டே கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தம்மா வளையலைக் கழற்றி
என் கால்குலேட்டர் மேல் வைத்தார்.
கல்லில் ரெண்டு கையையும் பதித்தார்.
கட்டைவிரல்கள் தொட்டுக்கொண்டன.
மற்றவை ரெண்டு ரெண்டாய்
ஆட்டுக்குளம்பு மாதிரிப் பிளந்தன,
ஒரு நடுக்கமில்லாமல்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்கவில்லை.
எத்தனை வருஷம், கதவைச் சாத்திக்கொண்டா என்றும்.

"வரைங்க."
வரைந்தேன்.
மணிக்கட்டு சிறிசு. பெரிசாக்கவா,
கம்ப்யூட்டரில் ஒரு இழுப்புதான் என்றேன்.
கல்லுக்குள் மூன்று லாரி போனது.
"வேண்டாம். இருக்கட்டும்."

கையை எடுத்ததும்
பென்சில் கோட்டுக்குள் வேர்வைத்தடம்
கொஞ்ச நேரம் நின்றிருந்து உலர்ந்தது.

அப்பா கல்லறை வாசலே தாண்டாதவராம்.
கோஹேனுக்கு ஆகாது.
சிநேகிதர்கள் போகும்போதெல்லாம்
கேட்டுக்கு வெளியே குடையோடு நிற்பார்.
"இப்ப நிரந்தரமா உள்ளே" என்று சிரித்தவர்
சட்டென்று ஆபீஸ் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

கல்லின் அடியில் ஐந்து எழுத்து.
உயிர்களின் முடிச்சில் இவர் உயிரும் முடியப்படட்டும்
என்று அர்த்தமாம்.
அந்த ஐந்தை மட்டும் மிஷினில் விடவில்லை,
நானே உளியால் வெட்டினேன்.
கூலி போடவில்லை. ஏன் என்று முதலாளி கேட்டார்,
பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கொல்லையில் ஒரு பழைய கல் உண்டு.
அதிலும் ஒரு கை. முழங்கை மடங்கி, வளையல் போட்டது.
எவளுடையதோ.
பொங்கலுக்கு மஞ்சள் வைப்போம், அவ்வளவுதான்.

வைக்கோல் சுற்றி, கயிறு போட்டு
வியாழக்கிழமை கல் ஏற்றிவிட்டோம்.

டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது
இப்போதும் விரலைப் பிரித்துப் பார்க்கிறேன்.
இடது வந்துவிட்டது.
வலது இன்னும் இல்லை.