நூற்று நாற்பத்தொன்று

குலசேகரம் டெப்போவிலிருந்து சஜிதா கூப்பிட்டாள்.
"சாரே, மூணாவது வாட்டியாக்கும்.
ரெத்தினபாய்க்கு மட்டும் நூத்தி நாப்பத்தொண்ணு ரூவா."
முப்பத்தோரு கிலோ ஷீட், கிலோ நூற்று எண்பத்தைந்து.
ஐயாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து வரவேண்டும்.
பெயர் சரி, தேதி சரி, எடையும் சரி.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்தில் என் ஜன்னல்;
பேருந்துகள் கண்ணுக்கு நேரே போகும்.
மழை. பேச்சிப்பாறையில் ஷட்டர் திறந்தாச்சு என்று
கீழே யாரோ போனில் கத்துகிறார்கள்.
2009-இல் நான் எழுதிய வரியைத் திறந்தேன்.

பெயருக்கு முப்பத்திரண்டு பைட்டு.
அன்றைக்கு என் பெயரைத்தான் அடித்துப் பார்த்தேன்:
ஆங்கிலத்தில் ஜெபர்சன், எட்டே பைட்டு.
நாலு ஜெபர்சன் நீட்டிப் படுக்கலாமே, போதாதா?
ஒட்டினாற்போல், இடையில் ஒரு சுவர்கூட இல்லாமல், தொகை.

இந்தச் சித்திரையில் பெயர்களைத் தமிழுக்கு மாற்றினோம்.
நீளமானவற்றை சஜிதா சுருக்கிவிட்டாள்.
ஆறெழுத்தை எவர் சுருக்குவார்?

ரெ த் தி ன பா ய்.
நமக்கு ஆறு. இயந்திரத்துக்குக்
கொம்பு தனி, கொக்கி தனி, கால் தனி, புள்ளி தனி.
பதினொன்று, ஒவ்வொன்றும் மூன்று பைட்டு.
விரல்விட்டு எண்ணினேன்: முப்பத்து மூன்று.
கடைசிப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு
வரப்பு தாண்டி அடுத்த வயலில் விழுந்திருக்கிறது.
அந்தத் துணுக்கின் மதிப்பு நூற்று நாற்பத்தொன்று.
பின்னாலேயே முடிவைச் சொல்லும் சுழியம் போய்
மிச்சத்தையும் துடைத்துவிட்டது.

சிரித்தேன்.
பிறகு, அதே நகலெடுக்கும் வரி வேறெங்கெல்லாம் என்று தேடினேன்.
இருநூற்றுப் பதினோரு இடம்.
எவ்வளவு என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.
அதிலொன்று, தினமும் வெளியிலிருந்து வரும்
விலைக் கோப்பைப் படிக்கிற இடம்.

ரெத்தினபாயின் புள்ளி தெரியாமல் தாண்டியது.
ஒருவன் அளந்து, தெரிந்தே,
நிரல் திரும்பிப்போகும் முகவரியின்மேல்
தன் முகவரியை எழுதி அனுப்பினால்?
வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தபடி
அவன் வீட்டுக்குள் போய் அவன் சொன்னதைச் செய்யும்.
டெப்போவின் பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

அன்று ராத்திரி இருநூற்றுப் பதினொன்றிலும் அளவு வைத்தேன்.
திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்:
அது கலைந்திருந்தால் திரும்பாதே, அங்கேயே நின்று செத்துப்போ.
திறக்கும்போதெல்லாம் கதவிலக்கங்களை மாற்றிப் போடு.
தரவு கிடக்கும் நிலத்தில் எதையும் ஓடவிடாதே.
இவையெல்லாம் கரை உடைந்தபின் வரும் மணல்மூட்டை,
எனக்குத் தெரியும். ஆனாலும் அடுக்கினேன்.

மறுவாரம் ரசீதில் தொகை சரியாக வந்தது.
ரெத்தினபாய் பஸ் ஏறி நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்,
கையில் ஒட்டுபால் வாடை, குடையிலிருந்து தண்ணீர்.
"எனக்க பேருல புள்ளிய காணல்ல."
ரெத்தினபாய, அப்புறம்
கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
அளவு முடிந்த இடத்தில் என் நிரல்
எழுத்தென்றும் பாராமல் நறுக்கியிருக்கிறது.
"பாதுகாப்புக்காக," என்றேன்.
"ஆருக்க பாதுகாப்பு? வெட்டினது எனக்க பேராக்கும்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.
அவர் பார்த்துக்கொண்டிருக்க இடத்தைப் பெரிதாக்கினேன்.
கொள்ளாவிட்டால் வெட்டாதே,
கொள்ளவில்லை என்று உரக்கச் சொல், என்று எழுதினேன்.

பென்டிரைவோடு அருமனை, திற்பரப்பு, களியல் போய்வந்தேன்.
கடையாலுமூட்டில் மட்டும் பழைய கணினி;
புது நிரலை ஏற்க மாட்டேன் என்கிறது.
அதற்கு வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.
யாராவது மறுபடி சொருகுவார்கள்.

பாக்கிப் பணத்தை எண்ணுமுன் ரெத்தினபாய்
ரசீதின் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.
எண்ணி முடித்து, மடித்து, முந்தியில் சொருகிக் கேட்டார்:
"அப்போ அந்த நூத்தி நாப்பத்தொண்ணு
ஆருக்க காசு?"