அடிக்கணக்கு

தரகர் ரம்சீன் சதுர அடியில் சொல்கிறார்:
ஆயிரத்து நூறு, எழுநூற்றைம்பது, அறுநூற்று எண்பது.
நான் கால் அடியில் கேட்கிறேன்.
வாசலிலிருந்து பாண் எத்தனை அடி?
பால்மா எத்தனை அடி?
காய்ச்சல் வந்த இரவில்
பனடோல் எத்தனை அடி?

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவுகிறார்.
இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை, தங்கச்சி.

ஆறு மாதம்.
ஆரணிக்கு நாலு வயது,
கையைப் பிடித்தால் கோபம், விட்டால் பயம்.
தெஹிவளையில் இப்போதிருக்கும் அறைக்குள்
இன்னொரு தொட்டில் வைத்தால்
அலுமாரிக் கதவு திறக்காது.

சேயோனுக்கு அத்துருகிரியவில் ஒரு வீடு பிடித்துவிட்டது.
இரண்டு கார் நிற்கும் கராஜ்.
எங்களிடம் ஒன்றுகூட இல்லை.
புல்தரை. உயர்ந்த மதில், மதிலின் மேல் உடைந்த போத்தல்.
முற்றத்தில் நின்று ஹலோ என்று கத்திப் பார்த்தேன்.
ஒரு நாய்தான் மறுமொழி சொன்னது,
அதுவும் இரண்டு வீடு தள்ளி.
பஸ் தரிப்பிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு அடி,
நடைபாதை கிடையாது,
டிப்பர் லொறியின் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. மூன்றாம் மாடி.
லிஃப்ட் இல்லை. படி ஐம்பத்திரண்டு,
நாற்பதாவதில் உள்ளே இருப்பவர் உதைத்தார்.
குழாயில் தண்ணீர் யோசித்து யோசித்து வருகிறது.
ஜன்னலைத் திறந்தால்
எதிர்வீட்டு மீன்குழம்பு
கேட்காமலே உள்ளே வந்து உட்காருகிறது.
சேயோன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஆரணியைக் காணவில்லை.

ஐம்பத்திரண்டு படியையும் எப்படி இறங்கினேனோ தெரியாது.
தையல் மெஷினை நிறுத்திய ஒருத்தி
இடப்பக்கம் கை காட்டினாள்,
நான் வாய் திறக்கு முன்னமே.
சலூன்காரர் கத்தரிக்கோலால் காட்டினார்.
பொடி நங்கி அர கடே லங்க, என்று
ஓட்டோவுக்குள் படுத்திருந்த பையன்.
கடையில், அரிசி மூட்டையின் மேல்,
காலை ஆட்டிக்கொண்டு, வாயில் மாரி பிஸ்கட்டுடன் இருந்தாள்.
கடைக்கார நேசமலர் அதட்டுகிறார், அவளை அல்ல, என்னை:
பிள்ளைத்தாச்சி இப்படி ஓடலாமா? முதலில இருங்க.

நாலே நிமிடம்.
என் பிள்ளையின் பெயர் எனக்கு முன்னால் போய்
அந்த ஒழுங்கையில் குடியேறிவிட்டிருந்தது.

இரவு வரை சேயோன் பேசவில்லை.
பிறகு சொன்னான்:
எண்பத்துமூன்றில எங்கட கதவைக் காட்டிக்கொடுத்தது
வழி தெரியாதவன் இல்லையாம்.
எங்களைத் தெரிஞ்சவன்தான். அப்பா சொல்லுவார்.

ஒளித்து வைத்தது?
கேட்டேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அதுவும் தெரிஞ்ச ஆள்தான், என்றான்.
பக்கத்து வாசல்.

அதற்குமேல் எங்கள் இருவரிடமும் விடை இல்லை.
வாடகை முற்பணம் ஆறு மாதம்,
ரம்சீன் பேசி ஐந்தாக்கித் தந்தார்.
பொலிஸில் பதியும் படிவத்தில்
நாலு பெயருக்குக் கோடு இருந்தது.
நாலாவதை வெறுமையாக விட்டோம்.

இன்று சனி. வயிறு முன்னே, நான் பின்னே,
நடந்து பார்க்கிறேன்.
பாண் அறுபத்தேழு அடி.
பனடோல் நூற்று நாற்பது, ஞாயிறு பின்னேரம் பூட்டு.
மொண்டிசோரி எத்தனை என்று
சரியாகச் சொல்ல முடியவில்லை.
இருநூறு தாண்டியதும் தையல்காரி கூப்பிட்டு
எத்தனை மாதம் என்றாள்.

ஏழு, என்றேன்.
பிறகு எட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன்.