ஏழாவது பாட்டில் ஓர் இருமல்

பழைய சாமான் கடையின் பின்னறையில்
விலைச்சீட்டு ஒட்டுவது என் வேலை.
செத்தவர்களின் வாஃபிள் இயந்திரங்கள்,
ஒற்றைக்கால் ஸ்கேட்,
பெட்டி பெட்டியாகப் போல்கா குறுந்தகடுகள்.
சட்பரியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும்
போல்காவுக்கு வராது.

ஒவ்வொரு உறையையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.
அன்றைக்கு, அக்கார்டியனைக் கட்டிக்கொண்டு
பல்லெல்லாம் தெரியச் சிரித்தவரின் உறைக்குள்
அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தகடு.
கறுப்பு மார்க்கரில் கையெழுத்து:
லோ சீலிங். 1995.
பாட்டுகளின் பெயர்கள் எங்கும் இல்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் போட்டேன்.

தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல்
இரண்டு கிட்டார்கள்.
அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல்,
அடுத்த அறையில் இருப்பவரிடம்
மளிகைப் பட்டியல் வாசிக்கிற தொனியில்.
நிக்கல் உலையின் கசடை இரவில் கொட்டுவார்களே,
அதைப் பார்க்க அப்பாவின் காரில் போனதை,
வானம் ஆரஞ்சுத் தோலாய் உரிந்ததை,
காரில் யாரும் பேசாததைப் பாடினாள்.
நானும் போயிருக்கிறேன்.
எங்கள் காரிலும் யாரும் பேசவில்லை.

விலைச்சீட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழாவது பாட்டில் எல்லாம் நின்றுபோகும் ஓர் இடம்.
கிட்டார் இல்லை, டிரம் இல்லை,
அவள் மூச்சை இழுக்கிறாள்.
அந்த இமைப்பொழுதில்
யாரோ இருமுகிறார்கள்.
பிறகு எல்லாம் ஒன்றாக இடிந்து விழுகிறது.
பதினோரு தடவை கேட்டேன்.
அந்த இருமல் இல்லாமல் பாட்டு
எழுந்து நிற்காது என்று தோன்றியது.

இந்த ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க
மூன்று பேரைக் கேட்டால் போதும்.
சைலன்சர் மாற்றும் வாசில்தான் பாஸ் வாசித்தவன்.
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
முந்நூறு அடித்தோம், நாற்பது விற்றது,
மிச்சம் ரெயாலின் நிலவறையில் தண்ணீர் புகுந்து போனது.
பாடியவள் ஐலா,
ரீஜண்ட் தெருவில் பல் சுத்தம் செய்கிறாள்.

எனக்கும் பல் சுத்தம் செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

நாற்காலியைச் சாய்த்தாள்.
ஏழாவது பாட்டில் இருமியது யார், என்றேன்.
முகமூடிக்கு மேலே கண்கள்
கொஞ்ச நேரம் அசையவில்லை.
வாயைத் திறங்க, என்றாள்.
கொக்கியால் சுரண்டியபடியே சொன்னாள்:

ஃபின்லாந்துக்காரங்க மன்றத்தோட அடித்தளம்.
பிப்ரவரி. இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு.
பசி. பீட்சா சொல்லியிருந்தோம்.
கொண்டுவந்த ஆள், பாவம், சத்தம் காட்டாம
கதவோரம் நின்னிருக்கு,
பாட்டு முடியட்டும்னு.
அதுக்குமேல அடக்க முடியல போல.
திரும்பப் பதிவு பண்ணப் பணமில்ல.
ரெயால் மூணு நாள் யாரோடயும் பேசல.
யாருன்னு நாங்க திரும்பிக்கூடப் பார்க்கல.
துப்புங்க.

அந்தப் பனிக்காலத்தில்
டோனெல்லி பீட்சாவுக்கு இரண்டே ஓட்டுநர்கள்,
நானும் நோர்மானும்.
நோர்மான் நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுவான்.
எனக்கு அந்த வருடம் முழுக்க நெஞ்சுச்சளி.
ஏதோ ஓர் அடித்தளம்,
உள்ளங்கையில் அட்டைப்பெட்டியின் சூடு,
பூட்ஸைச் சுற்றி உருகிய பனி.
நினைவா, இப்போதுதான் தைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.
நோர்மானைக் கேட்கலாமென்றால்
ஆல்பர்ட்டாவுக்குப் போனவன் போனவன்தான்.

துப்பினேன்.
வாய் காலியாக இருந்தும்
ஐலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு, சமையலறையில் ஏழாவது பாட்டை ஓடவிட்டு
அவள் மூச்சை இழுக்கும் இடத்தில்
நானும் இருமிப் பார்த்தேன்.
முதல் தடவை முந்திவிட்டேன்.
அடுத்த தடவை பிந்திவிட்டேன்.
அதன்பின் எண்ணவில்லை.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தார்.

மறுநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்:
சளி பிடித்திருக்கிறதா?

பழைய சளி, என்றேன்.