தடைக்காலப் பதிவேடு

மண்டபம் வடக்குத் துறையில்
டோக்கன் கொடுக்கிற ஜன்னல் என்னுடையது.
ஏப்ரல் பதினைந்திலிருந்து அதைத் தட்ட ஆளில்லை.
விசைப்படகுகள் விலாவோடு விலா உரசிக்கொண்டு
கட்டிக் கிடக்கின்றன,
கூலி வராத வீட்டில்
ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பிகள் மாதிரி.

ஏலக் குரல் இல்லை. ஐஸ் லாரி இல்லை.
பழக்கதோஷம், ஐந்து மணிக்கே வந்துவிடுகிறேன்.
பதிவேட்டைக் கவிழ்த்து
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்:

கரைக்கொக்கு, சாம்பல் நிறம், ஒன்று.
நேரம் 5.40. தொழில்: தனி.
செம்பருந்து இரண்டு.
மீன்கழிவு கிடைக்காத கோபத்தில்
பாம்பன் பக்கம் போயின.
உள்ளான் பதினொன்று.
சித்திரைக்குள் வடக்கே போயிருக்க வேண்டியவை.
ஏன் போகவில்லை என்று எழுத
என் படிவத்தில் கட்டம் கிடையாது.

தொலைநோக்கியில் ஒரு கண்தான் வேலை செய்கிறது,
மற்றதில் உப்பு ஏறிவிட்டது.
எனக்கு எந்தப் பறவையும்
பாதி பறவை, பாதி மூடுபனி.

வைகாசி நாலாம் தேதி.
தென்கடலைச் சோழகம் கிளறிக்கொண்டிருந்தது.
வடகடல் குளம்போலக் கிடந்தது.
தூர்வாரிக் கொட்டிய மணல்மேட்டில்
கிளிஞ்சல் என்று நினைத்து மிதிக்கப் போனேன்,
இரண்டு முட்டைகள்.
மஞ்சள் அலகு, வெள்ளை நெற்றி,
சாணுக்கு மேல் வளராத சின்ன ஆலா ஒன்று
என் உச்சியைக் குறிவைத்து இறங்கியது.
குடையை விரித்துக்கொண்டு ஓடினேன்,
வெயிலுக்கு வாங்கிய குடை.

கூடு என்று ஒன்றுமில்லை.
நெஞ்சால் அழுத்திய ஒரு பள்ளம்.
உச்சிவெயிலில் அது கடலுக்குப் போய்
வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து
முட்டைமேல் உட்காரும்.
அப்போது மட்டும் அலகைத் திறந்து மூச்சு வாங்கும்.

மேட்டின் அந்தக் கோடியில் இன்னொரு ஜோடி இருந்தது.
ஒரு ராத்திரி நாய் வந்துபோனது.
மறுநாள் அங்கே குடையில்லாமல் நடந்தேன்.
யாரும் என்னை அடிக்கவில்லை.
அவ்வளவு நேரம் நடந்திருக்கக் கூடாது.

நம்புராசன், இஞ்சின் மெக்கானிக், சொன்னான்:
“லாரி திரும்புற எடமாச்சே அக்கா.
பதினாலு ராத்திரி என்ன செய்வீக?”
எனக்குத் தெரியவில்லை.
இரண்டு நாள் கழித்து
பள்ளத்திற்குப் பத்தடி தள்ளி
துருவேறிய கியர்பாக்ஸ் ஒன்று கிடந்தது,
மூன்று ஆள் சேர்ந்தாலும் அசையாதது.
யார் போட்டது என்று கேட்டேன்.
அவன் பீடிக்கு நெருப்புத் தேடினான்.

ஒரு முட்டை வெயிலில் வீணானது.
இன்னொன்று இருந்த இடத்தில்
ஒரு பிடி மணல் எழுந்து நடந்தது.
எழுதினேன்: வரவு ஒன்று.

தடை முடிந்த ராத்திரி
ஜன்னலுக்குள் நாற்பது கைகள்.
சூடம், டீசல், புதுப் பெயிண்ட்,
பனிக்கட்டி உடைபடும் சத்தம்.
ரிவர்ஸில் வந்த லாரிகள் எல்லாம்
மேட்டின் மேலேதான் ஊளையிட்டன.
நான் எண் எழுதினேன், முத்திரை குத்தினேன்.
தலையைத் தூக்கவில்லை.

விடிந்து ஏழு மணிக்கு
பதிவேட்டை மூடாமலே கையில் எடுத்துக்கொண்டு போனேன்.
கியர்பாக்ஸின் இந்தப் பக்கமும் டயர்த்தடம்,
அந்தப் பக்கமும் டயர்த்தடம்.
பள்ளம் தூர்ந்திருந்தது.
ஒற்றைக் கண்ணால் மணலைத் தடவித் தடவிப் பார்த்தேன்.
மணல் மணலாகவே இருந்தது.

குடையை மறந்து வந்திருந்தேன்.
குனிந்த தலைக்கு மேலே
சட்டென்று ஒரு வசவு,
கூர்மையாய், மிக அருகில்,
மறுபடியும்.
எண்பத்தேழாம் படகுக்கு எதிரே
வெள்ளையாய் ஒரு சொட்டு விழுந்து
மை கலைந்தது.

அடுத்த மாதம் ஆய்வாளர் கேட்பார்,
இது என்ன கறை என்று.
கேட்கட்டும்.
கால் வைத்த இடத்திலிருந்து
ஒவ்வொரு அடியாய்ப்
பின்னால் வருகிறேன்.