பந்து எடுக்கும் படகிலிருந்து

பரோயேத் தீவில், கடலை ஒட்டி எங்கள் மைதானம்.
வேலி தாண்டும் பந்தை எடுக்க
ஆட்டம் முடியும்வரை படகில் இருப்பேன்.
இங்கிருந்து பாதிக் களம்தான் தெரியும்.
மீதியை விழுகிற பந்து சொல்லும்.

ஹெர்கெயர் நிற்கும் பக்கத்திலிருந்து
இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.
வங்கியில் கடன் மறுக்கிறவன்,
தற்காப்பிலும் அதே முகம்.

துரோந்துரின் இடதுகால் பொன்.
வலதுகாலுக்காக நான் டீசல் வாங்குகிறேன்.

கோலி ரோய், என் அக்கா மகன்.
தலைக்குமேல் வருவதைப்
பூனைக்குட்டிபோல் வாங்கி அணைப்பான்.
தரையில் உருண்டு வருவதற்குக் குனிய
அவனுக்கு ஏனோ மனம் வருவதில்லை.

காற்று எங்கள் பன்னிரண்டாம் ஆள் என்பார்கள்.
முதல் பாதியில் சரி.
இடைவேளைக்குப் பின் கட்சி மாறிவிடும்.

சனிக்கிழமை தோர்ஸ்ஹவன்காரர்களோடு ஆட்டம்.
ஒரு கோல் முன்னிலை, எண்பதாம் நிமிடம்.
எங்களுக்கு அதுதான் காய்ச்சல் வரும் நேரம்.
காலில் பட்டதையெல்லாம் கடலுக்கு அனுப்பினார்கள்.
மாற்றுப் பந்துகளும் தீர்ந்தன.
எல்லாம் என்னைச் சுற்றி மிதந்தன,
நடுவே ஒரு கடற்காகம்.
கரையிலிருந்து கத்தினார்கள், சீக்கிரம், சீக்கிரம்.
என் மோட்டார் கிளம்பவில்லை.
கிளம்பவில்லை என்றுதான் சொன்னேன்.

நடுவர் படகைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
ஏழு நிமிடம் கூட்டினார்.
ஆறாவதில் ஒன்று.
ஏழாவதில் இன்னொன்று, தரையோடு உருண்டு.

எங்கள் பலவீனம் எங்கே என்று கேட்டால்
தற்காப்பைக் கைகாட்டாதீர்கள்.
அங்கிருந்து இருபது கெஜம் தள்ளி,
தண்ணீரில் பாருங்கள்.